பன்னீர் கலருக்கு எத்தனை சொட்டு?

வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பன்னீர் கலர், அதாவது ரோஜா மணக்கும் சோடா, கலந்து கொடுத்தால், டம்ளரைக் கீழே வைக்கும்போதே கேட்டுவிடுவார்கள்: "எசென்ஸ் எத்தனை சொட்டு விடுறீங்க?" சொட்டுக் கணக்கில் நான் பதில் சொல்வதில்லை. "ஒரு கிலோ பாகுக்கு 0.8 கிராம்" என்பேன். கேட்டவருக்கு அது பதிலாகவே படாது. ஆனால் நான் நம்பிச் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். ஏன் என்று ஒரு தடவை விரிவாக எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நான் திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பகல் முழுக்க, சொட்டைவிடச் சின்ன அளவையும் உறிஞ்சி அளக்கும் மைக்ரோபிப்பெட்டும் கையுமாக இருப்பேன். வீட்டுக்கு வந்தால் ரோஸ் மில்க்குக்குப் பாகு, பன்னீர், ஆரஞ்சு, இஞ்சி எலுமிச்சை, வெயில் காலத்தில் நன்னாரி என்று ஏதாவது ஒன்று அடுப்பில் இருக்கும். இந்த ஆசை என் மாமனார் வழியாக வந்தது. அவர் எங்கள் ஊரில் சின்னதாக ஒரு சோடாக் கம்பெனி நடத்தினவர். கம்பெனி என்றால் ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றும் சோடா மிஷின், மரப்பெட்டி மரப்பெட்டியாகக் கோலி பாட்டில்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. அவருடைய நாட்டில் அது வழக்கொழிந்த பிறகும் நம் ஊர்க் கடைகளில் பல தலைமுறை ஓடியது.

மாமாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கங்களில் கலர் செய்முறைகள் இருக்கின்றன. பன்னீர் என்று தலைப்புப் போட்டு, கீழே "சீனி 5 கிலோ, எசென்ஸ் 2 மூடி" என்று எழுதியிருக்கிறார். ஆரஞ்சுக்கு ஒன்றரை மூடி. ஒரு இடத்தில் "ஏலம் 8 சொட்டு". அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சீனியைக் கிலோவில் எழுதியிருக்கிறார், ஏனென்றால் அது கடையில் நிறுத்துத்தான் வருகிறது. ஆனால் சீனியில் ஐம்பது கிராம் கூடினாலோ குறைந்தாலோ யார் நாக்குக்கும் தெரியாது; ஐந்து கிலோவில் அது நூற்றில் ஒரு பங்கு. எசென்ஸ் மொத்தமே எட்டுப் பத்து கிராம்தான் போகிறது. அதில் இரண்டு கிராம் பிசகினால் கால் பங்கு ருசி மாறிவிடும். பிசகினாலும் பாதகமில்லாத பொருளைத் தராசில் நிறுத்துவிட்டு, பிசகவே கூடாத பொருளை மூடியில் ஊற்றுகிறோம். இது மாமா ஒருவரின் பழக்கம் இல்லை. வீட்டுச் சமையலில் எசென்ஸ் பாட்டிலைத் தொடுகிற எல்லாருமே அப்படித்தான் செய்கிறோம்.

எசென்ஸ் எவ்வளவு உக்கிரமானது என்று ஒரு டம்ளர் அளவில் யோசித்துப் பாருங்கள். நான் 40 கிராம் பாகுக்கு 200 மி.லி. சோடா சேர்ப்பேன். அந்த டம்ளரில் இருக்கும் எசென்ஸ் 0.03 கிராமுக்குச் சற்று அதிகம். சாதாரணமாக ஒரு தண்ணீர்ச் சொட்டின் எடையே 0.05 கிராம். ஒரு சொட்டைவிடக் குறைந்த எடையில் ஒரு டம்ளர் முழுக்க மணக்கிறது. அதற்குள்ளும் சில பொருட்கள் இன்னும் பலசாலிகள். ரோஜா எண்ணெயில் பெரும் பங்கு சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும்தான். டமாசினோன் என்று ஒரு பொருள் அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். ஆனால் ரோஜா ரோஜாவாக மணப்பதற்கு அதன் பங்கு பெரியது. இப்படிப்பட்ட பொருளில் "கொஞ்சம் கூட" விட்டால் பானம் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ரோஸ் மில்க் குடித்துவிட்டு "என்னவோ ஊதுபத்தி மாதிரி இருக்கு" என்று சிலர் சொல்வது அதனால்தான். பல நேரம் எசென்ஸ் மட்டமாக இருப்பது காரணம் இல்லை, அளவு கூடிப்போனதுதான் காரணம்.

சரி, சொட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும் செட்டின் உறையைப் பார்த்தால் 20 சொட்டு ஒரு மி.லி. என்று அச்சடித்திருக்கும். குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் அதே ஒரு மி.லி.க்கு 60 சொட்டு. இரண்டிலும் ஓடுவது ஒரே சலைன். முனையின் அகலம்தான் வேறு. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் திரவத்தின் பரப்பு இழுவிசை. சொட்டு முனையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்த விசையால்தான். அது எவ்வளவு பலமோ அவ்வளவு பெரிய சொட்டு. தாமஸ் டேட் என்பவர் 1864இலேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். அறை வெப்பத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், ஆல்கஹாலுக்கு 22தான். அதனால் ஒரே டிராப்பரில் ஆல்கஹால் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிட மிகச் சிறியதாக விழும்.

என் வீட்டுக் கண்ணாடி டிராப்பரில் சொட்டுகளை எண்ணித் தராசில் பார்த்தேன். தண்ணீர் மி.லி.க்கு 20ஐ ஒட்டி வந்தது. ரோஸ் எசென்ஸ் 35க்கு மேல். ஆரஞ்சு எண்ணெய் 40ஐத் தாண்டியது. டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு கணக்கு, வேகமாக அழுத்தினால் வேறு கணக்கு. இப்போது சொல்லுங்கள், ஒருவர் தன் வீட்டு டிராப்பரில் விட்ட எட்டுச் சொட்டை இன்னொருவர் வீட்டு இங்க் ஃபில்லரில் எப்படிக் கொண்டுவருவது? அவருக்கு 0.4 மி.லி. இருந்திருக்கலாம், இவருக்கு 0.2 ஆகியிருக்கலாம். இரண்டு பேரும் செய்முறையை அட்சரம் பிசகாமல்தான் பின்பற்றியிருப்பார்கள்.

மூடி இன்னும் மோசம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாமாவின் மூடிக்கு ஒரு சாட்சி கிடைத்தது. பழைய எசென்ஸ் பாட்டில் ஒன்றை அத்தை சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள், மூடியோடு. "அத்தை, மாமா மூடின்னு எழுதியிருக்காவளே, இந்த மூடி நிறையவா?" என்று கேட்டேன். "நிறைய ஊத்த மாட்டாவ. உள்ள மறை இருக்குல்லா, அது வரைக்கும்தான். நிறைய ஊத்துனா மணம் தூக்கலா இருக்கும்பாவ" என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் நோட்டில் எங்கேயும் இல்லை. மூடியைக் கழுவிக் காயவைத்து, மறை வரைக்கும் தண்ணீர் விட்டு நிறுத்தேன்: 4 கிராமை ஒட்டி. விளிம்பு வரை விட்டால் 6. ஆக மாமாவின் 2 மூடி என்பது சுமாராக 8 கிராம். ஐந்து கிலோ சீனியில் ஏழரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலாகப் பாகு வரும். கிலோவுக்கு ஒரு கிராம் எசென்ஸ். அவர் கைக்கணக்கு அவ்வளவு நேர்த்தியாக இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

டீஸ்பூனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு ஸ்பூன் செட் வாங்கினால் 5 மி.லி. என்று இருக்கும், வீட்டில் காபி கலக்குகிற ஸ்பூன் அதில் பாதியாகவும் இருக்கலாம். எசென்ஸுக்கு அது வேண்டாம்.

அடுத்து எல்லாரும் நினைப்பது சிரிஞ்ச். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், நல்ல சாதனம்தான். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இன்சுலின் சிரிஞ்சைக் கேட்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. அதில் போட்டிருக்கும் எண்கள் மி.லி. இல்லை, இன்சுலின் யூனிட். நம் நாட்டில் அது இரண்டு விதமாக விற்கிறது: சிவப்பு மூடி போட்டதில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடி போட்டதில் 100 யூனிட். சிவப்பில் 10 என்று படிப்பது 0.25 மி.லி.; ஆரஞ்சில் அதே 10 என்பது 0.1 மி.லி. இரண்டரை மடங்கு வித்தியாசம். சர்க்கரை நோயாளிகளுக்கே இந்தக் குழப்பம் ஆபத்தானது என்று எங்கள் வேலையில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கலருக்கு அது வேண்டவே வேண்டாம். "டியூபர்குலின் சிரிஞ்ச், ஒரு மி.லி." என்று கேளுங்கள். அதில் 0.01 மி.லி.க்கு ஒரு கோடு இருக்கும். உறை பிரிக்காத புதியது வாங்கி, ஊசியை மாட்டாமலேயே பயன்படுத்துங்கள். நான் வேலை செய்யும் இடத்திலிருந்து எந்தச் சாமானையும் அடுப்படிக்குக் கொண்டுவருவதில்லை. நீங்களும் தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சிரிஞ்சில் படிக்க வேண்டியது பிஸ்டன் ரப்பரின் முன் விளிம்பை, அதாவது திரவத்தைத் தொடுகிற பக்கத்தை. குமிழி இருந்தால் நிமிர்த்திப் பிடித்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று: பிஸ்டனை முழுக்கத் தள்ளின பிறகும் நுனிக் குழாயில் கொஞ்சம் தங்கும், சிரிஞ்சைப் பொறுத்து 0.05 மி.லி. அல்லது அதற்கு மேல். அது கணக்கில் சேராத மிச்சம், அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். "வீணாகிறதே" என்று பாகையே உறிஞ்சி அலசி ஊற்றினால் அந்த மிச்சமும் உள்ளே போய்விடும். 0.2 மி.லி. அளக்க நினைத்த இடத்தில் கால் பங்கு கூடிவிடும். பொதுவாகக் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சிக்கொண்டு, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தள்ளினால் அளவு சரியாக வரும். 0.5இலிருந்து 0.3க்கு வந்தால் 0.2 இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் வகைக்கு சிரிஞ்ச் ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். ஆரஞ்சு எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் இரண்டும் ரப்பரை ஊதவைக்கும், பிஸ்டன் இறுகிப்போகும். பக்கத்தில் அச்சடித்த கோடுகளும் எண்களும் விரலோடு அழிந்து வரும். கடகடவென்று உடைகிற மாதிரி இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் கப் இருக்கிறதே, பாலிஸ்டைரீன், அதில் ஆரஞ்சு எண்ணெயை ஊற்றினால் கப்பே கரைய ஆரம்பித்துவிடும். கண்ணாடியைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

அதனால் நான் போய் நின்ற இடம் தராசு. 0.01 கிராம் காட்டுகிற சின்ன நகைத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எடையில் போவதற்குப் பெரிய வசதி, எதிலும் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்குமே என்ற கவலை இல்லை. பாட்டிலைத் தராசில் வைத்து அதற்குள்ளேயே சொட்டுகிறோம். உள்ளே விழுந்தது விழுந்ததுதான். கழுவ வேண்டிய பாத்திரமும் மிச்சம்.

ஆனால் மில்லிலிட்டரும் கிராமும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீருக்கு மட்டும்தான் அது கிட்டத்தட்டச் சரி. ஒரு மி.லி. கிளிசரின் 1.26 கிராம். எசென்ஸ்களில் பெரும்பாலும் கரைப்பானாக இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் 1.04. எலுமிச்சை எண்ணெய் 0.85, ஆல்கஹால் 0.79. நூற்றுக்கு 65 பங்கு சீனி உள்ள பாகு ஒரு லிட்டர் 1.3 கிலோவுக்கு மேல் நிற்கும். பழைய செய்முறை மி.லி.யில் இருந்தால் ஒரு தடவை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு, அதன் பிறகு கிராமிலேயே இருந்துவிடுங்கள். பாதி மி.லி., பாதி கிராம் என்று கலந்து எழுதின நோட்டு யாருக்கும் உதவாது.

தராசுக்கும் சில குணங்கள் உண்டு. ஃபேனை நிறுத்த வேண்டும். மேலே ஓடுகிற ஃபேன் காற்றில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். சமமான இடத்தில் வைத்து, போட்டவுடன் ஆரம்பிக்காமல் சில நிமிடம் விட்டால் நிலைக்கும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சோதனை எடைக்கல் இல்லாதவர்கள் நாணயத்தை வைத்துப் பார்க்கலாம். 2011 முதல் வந்த, ரூபாய்க் குறி போட்ட 5 ரூபாய் நாணயம் 6 கிராம், அந்த வரிசை 10 ரூபாய் 7.71 கிராம். 2019 முதல் வந்த புது வடிவ நாணயங்களின் எடை வேறு, அதனால் வருடத்தைப் பார்த்து எடுங்கள். தேயாத, பளபளப்பான காசாக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒரு குணம், இதைத் தராசோடு வரும் தாளில் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். இந்தத் தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது தானாகவே பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும். காற்றிலும் சூட்டிலும் எண் நகர்ந்து போகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். விளைவு என்னவென்றால், பாட்டிலை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒவ்வொரு சொட்டாக மெதுவாக விட்டால், ஆரம்பச் சொட்டுகளைத் தராசு "இது ஏதோ சின்ன ஆட்டம்" என்று விழுங்கிவிடும். மூன்று சொட்டு விழுந்தும் 0.00 என்றே நிற்கும். மருந்து எளிது: பூஜ்யமாக்காதீர்கள். பாட்டில் 38.42 என்று காட்டினால் அதைக் குறித்துக்கொண்டு 38.62 வரும்வரை விடுங்கள். இல்லையென்றால் பூஜ்யமாக்கின பிறகு ஒரு காசைத் தட்டில் வைத்துவிட்டு அந்த எண்ணிலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்த்தும், 0.2 கிராமை அந்தத் தராசில் அளந்தால் அது நம்பிக்கையான அளவு இல்லை. 0.01 காட்டுகிறது என்பதால் 0.01 வரை சரி என்று ஆகிவிடாது, முன்பின் 0.02 இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. 0.2இல் 0.02 பிசகினால் பத்து சதவீதம். 2 கிராமில் அதே 0.02 பிசகினால் ஒரே ஒரு சதவீதம். பிசகு மாறுவதில்லை, நாம் அளக்கிற பொருள்தான் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது: சின்ன அளவை அளக்கப் பாடுபடாதீர்கள், அதைப் பெரிய அளவாக ஆக்கிவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

எப்படி என்றால், 2 கிராம் எசென்ஸ், 18 கிராம் தண்ணீர். நன்றாகக் குலுக்கினால் அது பத்துக்கு ஒன்று கரைசல். லேபில் இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோம். அடர்த்தியான எதையும் அப்படியே அளக்க மாட்டோம், நீர்த்துப்போகச் செய்துதான் எடுப்போம். இந்தக் கரைசலில் 1 கிராம் எடுத்தால் அதில் எசென்ஸ் 0.1 கிராம். கால் கிலோ பாகுக்கு 0.2 கிராம் எசென்ஸ் வேண்டுமென்றால் 2 கிராம் கரைசல். இன்னும் உக்கிரமான பொருளாக இருந்தால், அந்தக் கரைசலில் 2 கிராமை எடுத்து மறுபடி 18 கிராம் தண்ணீரில் விட்டால் நூற்றுக்கு ஒன்று. இந்த இடத்தில் டிராப்பர்கூட நல்ல பிள்ளையாகிவிடும். ஒரு சொட்டு கூடினால் மாறுவது அரை மில்லிகிராம் எசென்ஸ், அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

தண்ணீரில் செய்த கரைசலை அன்றன்றைக்குச் செய்து முடித்துவிடுங்கள், வைத்தால் கெடும். வைத்திருக்க வேண்டுமென்றால் சாப்பாட்டுத் தரக் கிளிசரினில் செய்யலாம். கெட்டியாக இருப்பதால் அதை சிரிஞ்சில் அளப்பது கொடுமை, தராசுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கரைசல் கலங்கினாலோ மேலே எண்ணெய் மிதந்தாலோ அது தண்ணீரில் கரையாத வகை. மேலே எடுத்தால் ஒரு அளவு, அடியில் எடுத்தால் ஒரு அளவு என்று ஆகிவிடும், அந்தக் கரைசலை நம்பாதீர்கள். பாட்டிலில் மாஸ்கிங் டேப் ஒட்டி என்ன எசென்ஸ், பத்துக்கு ஒன்றா நூற்றுக்கு ஒன்றா, என்ன தேதி என்று எழுதிவிடுங்கள். எழுதாத பாட்டிலை எங்கள் லேபில் கேள்வி கேட்காமல் கொட்டிவிடுவோம். வீட்டிலும் எனக்கு அதே சட்டம்தான்.

எண்ணெய்களுக்கு வேறு வழி இருக்கிறது. டொராண்டோவில் ஓப்பன்கோலா என்று ஒரு மென்பொருள் கம்பெனி இருந்தது. 2001இல் அவர்கள் ஒரு கோலா செய்முறையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதில் ஆரஞ்சு எண்ணெய் 3.5 மி.லி., எலுமிச்சை 1, ஜாதிக்காய் 1, கேசியா (பட்டை மாதிரி ஒரு மரப்பட்டை) 1.25 என்று போய், கொத்தமல்லி, நெரோலி (ஆரஞ்சு வகைப் பூவின் எண்ணெய்), லாவெண்டர் மூன்றும் தலா 0.25 மி.லி. என்று வரும். அந்த 0.25இல்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். கவனித்துப் பாருங்கள், மூன்றுக்கும் ஒரே அளவு. மூன்றிலும் ஒவ்வொரு மி.லி. எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கலந்துகொண்டு, அந்தக் கலவையிலிருந்து 0.75 மி.லி. எடுத்தால் முடிந்தது. மூன்று தடவை கால் மி.லி. அளக்கும் பாடு, ஒரு தடவை முக்கால் மி.லி. என்று ஆகிவிடுகிறது. மூன்றுக்கும் உள்ள விகிதமும் குப்பிக்குள்ளேயே சரியாகிவிடும். எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் சின்ன அளவுகள் ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

எண்ணெய் என்று சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். அறைக்கு மணம் வர வாங்குகிற எண்ணெய்களை வாயில் வைக்கக் கூடாது, உணவுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். கேசியா, பட்டை எண்ணெய்கள் நீர்க்காமல் தோலில் பட்டால் எரியும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், மூடி இறுக்கி வையுங்கள். இனிப்பாக மணப்பதால் குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள்.

நிறத்துக்கும் இதே வழிதான், அதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். நம் நாட்டு விதிப்படி குளிர்பானத்தில் அனுமதித்த செயற்கை நிறம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 0.1 கிராம். "ஒரு சிட்டிகை" போடுகிறவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். 1 கிராம் பொடியை 99 கிராம் தண்ணீரில் கரைத்துக்கொண்டால், ஒரு கிலோ பானத்துக்கு 10 கிராம் கரைசல்தான் உச்சம் என்று கண்ணுக்குத் தெரிகிற கணக்காகிவிடும். உண்மையில் அதில் நான்கில் ஒரு பங்கே நல்ல ரோஜா நிறம் தரும். எசென்ஸ் பாட்டிலிலேயே நிறம் சேர்த்திருந்தால் தனியாகப் போடவே வேண்டாம், லேபிளைப் படியுங்கள். நன்னாரிக்கு இந்த வம்பே இல்லை. வேரை நிறுத்து, தண்ணீரை நிறுத்து, ஊறவைத்துக் காய்ச்சுவதுதான்; மணம் வேரிலிருந்தே வருகிறது, அளவும் கைக்கு அடங்கின அளவு.

அளவு சரியாக வந்துவிட்டால் அப்புறம்தான் ருசி பார்ப்பதில் அர்த்தம் வருகிறது. மாமாவின் கணக்கு கிலோவுக்கு 1 கிராம் என்றேன். ஆனால் அன்றைய எசென்ஸும் இன்றைக்குக் கடையில் கிடைப்பதும் ஒரே வீரியம் என்று சொல்ல முடியாது. அதனால் 100 கிராம் பாகு வீதம் நான்கு பாட்டில் எடுத்து, பத்துக்கு ஒன்று கரைசலை 0.6, 0.8, 1.0, 1.2 கிராம் என்று விட்டு, ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் சோடா கலந்து எவர்சில்வர் டம்ளர்களில் அத்தையிடம் கொடுத்தேன். எதில் எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, டம்ளருக்கு அடியில் மட்டும் டேப் ஒட்டியிருந்தேன். நடுவில் வெறும் தண்ணீர் குடிக்கச் சொன்னேன், ஏனென்றால் ரோஜா மணத்துக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். மூன்றாவது டம்ளருக்கு மேல் எல்லாம் ஒன்று போலத் தெரியும். அத்தை இரண்டு தடவை சுற்றி வந்து ஒரு டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார்கள். "இதுதாம்மா. கடைல குடிச்ச மாதிரியே இருக்கு." அது 0.8. இன்னொரு நாள் வரிசையை மாற்றி வைத்தேன். மறுபடியும் அதையே எடுத்தார்கள்.

சொட்டில் அளந்திருந்தால் 0.8க்கும் 1.0க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை என்னால் உண்டாக்கவே முடிந்திருக்காது. அத்தையின் நாக்குக்குத் தெரிந்த வித்தியாசம் அது.

இப்போது நான் செய்கிற கணக்கை அப்படியே தருகிறேன். சீனி 650 கிராம், தண்ணீர் 350 கிராம், சிட்ரிக் ஆசிட் 1 கிராம். கொதி வந்து சீனி கரைந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தோடு தராசில் வைத்து, ஆவியாகப் போன தண்ணீரைத் திரும்ப விட்டு ஒரு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்குச் சமையலறைத் தராசு போதும். கைபொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறின பிறகே எசென்ஸ், சூட்டில் விட்டால் பாதி மணம் அடுப்படியிலேயே போய்விடும். பத்துக்கு ஒன்று கரைசல் 8 கிராம், நகைத் தராசில். மூடிக் குலுக்கி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில். மறுநாள் 40 கிராம் பாகுக்கு 200 மி.லி. ஜில்லென்ற சோடா, டம்ளர் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். உங்கள் எசென்ஸ் வேறு கம்பெனியாக இருந்தால் 8 உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். 6இலிருந்து 12 வரை மேலே சொன்ன மாதிரி சின்னப் பாட்டில்களில் போட்டுப் பார்த்து, உங்கள் வீட்டு எண்ணை எனக்கும் எழுதுங்கள். எசென்ஸ் பெயரோடு, கிராமில்.